ஒரே மாவட்டத்துக்குள் உயர்நிலைப் பள்ளிகளை ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி: கலிபோர்னியாவில் வாழும் பெற்றோருக்கு

வீடு தேடும் செயலிகளில் வாடகைக்குக் கீழே, அந்த முகவரிக்கு உரிய பள்ளியின் பெயரும் அதன் அருகே 1 முதல் 10 வரையிலான ஓர் எண்ணும் இருக்கும். கலிபோர்னியாவுக்குக் குடிவரும் தமிழ்க் குடும்பங்கள் பலவும் அந்த எண்ணைப் பார்த்துத்தான் வீட்டை முடிவு செய்கின்றன. 9 என்று இருந்தால் அன்றைக்கே முன்பணம் கொடுத்துவிடுகிறோம், 6 என்று இருந்தால் வீடு எவ்வளவு பிடித்திருந்தாலும் அடுத்ததைப் பார்க்கப் போய்விடுகிறோம். நானும் முதல் முறை அப்படித்தான் செய்தேன். அதன் பிறகு இரண்டு பிள்ளைகளை ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை இங்குள்ள அரசுப் பள்ளிகளில் படிக்க வைத்ததில், அந்த எண் பெற்றோரின் வருமானத்தையும் படிப்பையும் பெரிதும் பிரதிபலிக்கிறது என்பதும், என் பிள்ளைக்கு அங்கே என்ன கிடைக்கும் என்ற கேள்விக்கு அதில் மிகக் குறைவாகவே விடை இருக்கிறது என்பதும் புரிந்தன. ஒரே பள்ளி மாவட்டத்தின், அதாவது ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பின், இரண்டு மூன்று பள்ளிகளில் எது தம் பிள்ளைக்குப் பொருந்தும் என்று தெரிந்துகொள்ள விரும்புவோருக்காக, நான் கற்றுக்கொண்ட வழிமுறையை இங்கே எழுதுகிறேன்.

முகவரியிலிருந்து தொடங்குங்கள்

முதலில் எந்த மாவட்டம், எந்தப் பள்ளி என்பதை உறுதி செய்ய வேண்டும். ஊர்ப் பெயரை நம்பினால் இதில் தவறு நேரும். பள்ளி மாவட்டத்தின் எல்லையும் நகராட்சியின் எல்லையும் இங்கே ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. கூப்பர்ட்டினோ பகுதியை எடுத்துக்கொள்வோம். அங்கே எட்டாம் வகுப்பு வரையிலான பள்ளிகள் கூப்பர்ட்டினோ யூனியன் என்ற மாவட்டத்தைச் சேர்ந்தவை. ஒன்பது முதல் பன்னிரண்டு வரையிலான பள்ளிகளை நடத்துவது ஃப்ரீமாண்ட் யூனியன் உயர்நிலைப் பள்ளி மாவட்டம் என்ற வேறொரு அமைப்பு. அதன் கீழே கூப்பர்ட்டினோ, ஃப்ரீமாண்ட், ஹோம்ஸ்டெட், லின்புரூக், மான்டா விஸ்டா என்று ஐந்து பள்ளிகள் இருக்கின்றன. இவற்றில் லின்புரூக் பள்ளி சான் ஹோசே நகரத்தில் இருக்கிறது. ஃப்ரீமாண்ட் பள்ளியோ சன்னிவேலில் இருக்கிறது, விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் உள்ள ஃப்ரீமாண்ட் நகரத்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. அந்த நகரத்துக்கு ஃப்ரீமாண்ட் யூனிஃபைட் என்று தனி மாவட்டம் உண்டு. மிஷன் சான் ஹோசே, இர்விங்டன், அமெரிக்கன் முதலிய பள்ளிகள் அதைச் சேர்ந்தவை. பெயர் ஒன்றாக இருப்பதால் புதிதாக வருபவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வது இயல்புதான். சன்னிவேலில் ஒரு வீடு ஹோம்ஸ்டெட்டுக்கு உரியதாக இருக்கும், இன்னொன்று ஃப்ரீமாண்ட் பள்ளிக்கு உரியதாக இருக்கும், மூன்றாவது வீடு சான்டா கிளாரா யூனிஃபைட் என்ற வேறு மாவட்டத்துக்கே போய்விடும்.

ஆகவே வீட்டுத் தரகர் சொல்வதையோ செயலி காட்டுவதையோ முடிவாகக் கொள்ளாமல், மாவட்டத்தின் இணையதளத்தில் உள்ள முகவரித் தேடலில் கதவு எண்ணோடு தட்டச்சு செய்து பாருங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பாக மாவட்டத்தின் சேர்க்கை அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசி உறுதி செய்துகொள்வதும் நல்லது. மாவட்டத்துக்குள்ளேயே வேறு பள்ளிக்கு மாறுவதற்குச் சட்டம் வழி வைத்திருக்கிறது. இடம் இருந்தால் மாவட்டவாசிகள் எந்தப் பள்ளிக்கும் விண்ணப்பிக்கலாம், விண்ணப்பங்கள் இடங்களைவிட அதிகமானால் குலுக்கல் முறையில் தேர்வு நடக்கும், அந்தப் பள்ளியின் எல்லைக்குள் வசிப்பவர்களை அப்புறப்படுத்திவிட்டு யாருக்கும் இடம் தர மாட்டார்கள். பலரும் விரும்பும் பள்ளிகளில் அப்படிக் காலி இடம் மிஞ்சுவது அரிது என்பதால், அதை நம்பி வீடு பார்க்காதீர்கள். விண்ணப்பிப்பதற்கான கெடு பெரும்பாலும் முந்தைய குளிர்காலத்திலேயே முடிந்துவிடும். உறவினர் முகவரியைக் காட்டிச் சேர்ப்பதைப் பற்றி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். குடியிருப்பைச் சரிபார்க்க மாவட்டத்திலிருந்து வீட்டுக்கே ஆள் அனுப்பும் இடங்கள் உண்டு, நடுவாண்டில் வெளியேற்றப்பட்டால் அவமானம் பிள்ளைக்குத்தான்.

ஒன்றாக இருப்பவற்றை ஒதுக்கிவிடுங்கள்

ஒரே மாவட்டத்துக்குள் ஒப்பிடும்போது நமக்கு ஒரு பெரிய வசதி உண்டு. ஆட்சிக்குழு ஒன்று, ஆசிரியர்களின் சம்பள அட்டவணை ஒன்று, விடுமுறை நாட்கள் ஒன்று, பள்ளிப் படிப்பை முடித்துப் பட்டம் பெறுவதற்கான விதிகளும் ஒன்று. பள்ளி தொடங்கும் நேரம்கூட 2022 ஜூலை 1 முதல் மாநிலச் சட்டத்தால், கிராமப்புற மாவட்டங்கள் நீங்கலாக, காலை 8:30-க்கு முன்பு இருக்கக் கூடாது என்று ஆகிவிட்டது. ‘அந்தப் பள்ளிக்கு நல்ல ஆசிரியர்கள் வருவார்கள், சம்பளம் அதிகம்’ என்று யாராவது சொன்னால், அது மாவட்டத்துக்கும் மாவட்டத்துக்கும் இடையே உண்மையாக இருக்கலாம், ஒரே மாவட்டத்தின் இரண்டு பள்ளிகளுக்கு இடையே பொருந்தாது. இவற்றையெல்லாம் கழித்துவிட்டால் மிஞ்சுவது சில விஷயங்களே: உடன் படிக்கும் பிள்ளைகள், நடத்தப்படும் பாடங்கள், பள்ளியின் அளவு, முதல்வரின் போக்கு, வீட்டிலிருந்து தூரம். உங்கள் நேரத்தை இவற்றின் மீது செலவிடுங்கள்.

மதிப்பெண்களைப் படிக்கும் முறை

மாநிலக் கல்வித்துறை ஒவ்வொரு பள்ளிக்கும் ‘டாஷ்போர்டு’ என்ற பக்கத்தை ஆண்டுதோறும் வெளியிடுகிறது. அதில் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம் என்று ஐந்து நிறங்கள் இருக்கும். நீலம் உயர்ந்தது, சிவப்பு தாழ்ந்தது என்று மட்டும் எடுத்துக்கொண்டால் ஏமாந்துபோவோம். இந்த ஆண்டு எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் சென்ற ஆண்டிலிருந்து ஏறியதா இறங்கியதா என்பதையும் சேர்த்துத்தான் அந்த நிறம் கணக்கிடப்படுகிறது. மிக உயரத்தில் இருக்கும் பள்ளி சற்றே சறுக்கினால் நிறம் குறையும். அதைவிடக் கீழே இருக்கும் பள்ளி அந்த ஆண்டு முன்னேறினால் அதே நிறத்தைப் பெற்றுவிடும். நிறத்தைத் தொட்டால் உள்ளே, மாநிலம் வகுத்த தர அளவுக்கு மாணவர்கள் சராசரியாக எத்தனை புள்ளி மேலே அல்லது கீழே இருக்கிறார்கள் என்ற எண் இருக்கும். ஒப்பிட வேண்டியது அதைத்தான்.

உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலத்துக்கும் கணிதத்துக்குமான மாநிலத் தேர்வு பதினோராம் வகுப்பில் ஒரே ஒரு முறைதான் நடக்கிறது. அதாவது அந்த எண், ஒரே ஒரு வகுப்பைச் சேர்ந்த சில நூறு பிள்ளைகள் ஒரு வசந்த காலத்தில் எழுதிய தேர்வின் முடிவு. ஓர் ஆண்டின் ஏற்ற இறக்கத்துக்குப் பெரிய பொருள் கொள்ளாமல் மூன்று ஆண்டுகளின் எண்களை வரிசையாக எழுதிப் பாருங்கள். எத்தனை சதவீதத்தினர் தேர்வை எழுதினார்கள் என்பதையும் மறக்காமல் பாருங்கள். தேர்விலிருந்து பிள்ளைக்கு விலக்குக் கேட்கும் உரிமை இங்கே பெற்றோருக்கு உண்டு. கல்லூரித் தரத்தில் நடத்தப்படும் ஏ.பி. பாடங்களின் தேர்வுகள் மே மாதத்தில் வருவதால், படிப்பில் முன்னணியில் இருக்கும் பிள்ளைகள் இந்தத் தேர்வைத் தவிர்ப்பதும், வந்தாலும் மனம் வைத்து எழுதாததும் உண்டு. 95 சதவீதத்துக்குக் கீழே பங்கேற்பு இருக்கும் பள்ளியின் சராசரியை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

இதற்கு அடுத்த படிதான் என் பார்வையில் மிக முக்கியமானது. பள்ளியின் மொத்தச் சராசரியை விட்டுவிட்டு, உங்கள் பிள்ளையைப் போன்ற பிள்ளைகளின் வரிசையைத் தேடுங்கள். டாஷ்போர்டிலும் ‘டேட்டாக்வெஸ்ட்’ என்ற மாநிலத் தரவுத்தளத்திலும் இனவாரியாக, குடும்ப வருமானவாரியாக, ஆங்கிலம் கற்பவர்கள், சிறப்புக் கல்வி பெறுபவர்கள் என்று பிரித்துப் பார்க்க முடியும். பதினோரு பேருக்குக் குறைவான பிரிவுகளின் எண்களைத் தனியுரிமை கருதி மறைத்துவிடுவார்கள், மற்றவை கிடைக்கும். மொத்தச் சராசரியில் நாற்பது புள்ளி இடைவெளி இருந்த இரண்டு பள்ளிகளில், ஆசிய மாணவர்களின் வரிசையை மட்டும் எடுத்துப் பார்த்தபோது அந்த இடைவெளி ஏறக்குறைய மறைந்துபோனதை நான் கண்டிருக்கிறேன். ஒரு பள்ளியில் வசதி குறைந்த குடும்பங்களின் பிள்ளைகள் அதிகம் படித்தார்கள், மற்றதில் குறைவு, அவ்வளவுதான் வேறுபாடு. இதைப் பார்க்காமலே அந்த முதல் பள்ளியை ‘சுமாரான பள்ளி’ என்று எத்தனை குடும்பங்கள் ஒதுக்கிவிடுகின்றன என்பதை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. பிள்ளைக்கு ஆட்டிசம் போன்ற காரணங்களால் சிறப்புக் கல்வித் திட்டம் இருந்தால், அந்த வரிசையைப் பார்ப்பதோடு நின்றுவிடாமல் மாவட்டத்தின் சிறப்புக் கல்வி அலுவலகத்திலும் கேளுங்கள். சில வகுப்புகள் மாவட்டத்தில் ஏதேனும் ஒரு வளாகத்தில் மட்டுமே நடக்கும்.

பட்டம் பெறுவது வேறு, தகுதி பெறுவது வேறு

நான்கு ஆண்டுகளில் பட்டம் பெற்றவர்கள் 95 சதவீதம் என்று ஒரு பள்ளி அறிவித்தால் கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மாநிலச் சட்டப்படி பட்டம் பெறுவதற்குக் கணிதம் இரண்டு ஆண்டுகள் போதும், ஆங்கிலம் மூன்று ஆண்டுகள் போதும். கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கோ கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கோ விண்ணப்பிக்க வேண்டுமானால் ‘ஏ முதல் ஜி வரை’ என்று அழைக்கப்படும் பாடத்தொகுப்பை முடித்திருக்க வேண்டும். அதில் ஆங்கிலம் நான்கு ஆண்டுகள், கணிதம் குறைந்தது மூன்று, அறிவியல் இரண்டு, வேற்றுமொழி இரண்டு, வரலாறு இரண்டு, கலை ஒன்று, விருப்பப்பாடம் ஒன்று என்று மொத்தம் பதினைந்து பாடங்கள் உண்டு. எல்லாவற்றிலும் ‘சி’ தரம் அல்லது அதற்கு மேல் வாங்கியிருக்க வேண்டும். பட்டதாரிகளில் எத்தனை சதவீதத்தினர் இந்தத் தொகுப்பை முடித்தார்கள் என்பதை டேட்டாக்வெஸ்ட் பள்ளிவாரியாகத் தருகிறது. மாவட்டம் தன் பட்ட விதிகளைப் பல்கலைக்கழகத் தேவைக்கு நெருக்கமாக உயர்த்தி வைத்திருந்தாலும், ‘டி’ வாங்கித் தேறிய பிள்ளைகள் இந்தக் கணக்கில் வர மாட்டார்கள். பட்டம் பெற்றோர் சதவீதத்துக்கும் இதற்கும் இடையிலான இடைவெளியை இரண்டு பள்ளிகளுக்கும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். பின்தங்கும் பிள்ளையைக் கைதூக்கி விடுவதில் எந்தப் பள்ளி அக்கறை காட்டுகிறது என்பது அதில் தெரியும்.

பாடப் பட்டியலும் கால அட்டவணையும்

இப்போது என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். என் மகள் எட்டாம் வகுப்பு வரை பள்ளி இசைக்குழுவில் வயலின் வாசித்தாள், கணிதத்திலும் ஓராண்டு முன்னே இருந்தாள். வேறொரு மாவட்டத்தில் அப்போது நாங்கள் இருந்தோம். அங்கே எண் உயர்ந்த பள்ளியின் எல்லைக்குள் வீடு எடுத்தோம். அதன் பாடப் பட்டியல் அறுபது பக்கங்களுக்கு மேல் இருந்தது, ஏ.பி. பாடங்களின் வரிசையைப் பார்த்து மகிழ்ந்துபோனேன். பத்தாம் வகுப்பில், அவளுக்கு வேண்டிய கணித வகுப்பும் இசைக்குழு வகுப்பும் நாளுக்கு ஒரே ஒரு பிரிவாக, இரண்டும் ஐந்தாம் பாடவேளையிலேயே வந்தன. பாடத்தேர்வில் வழிகாட்டும் பள்ளி ஆலோசகரான கவுன்சிலர் கனிவாகத்தான் பேசினார், ஆனால் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அவள் கணிதத்தை எடுத்துக்கொண்டாள். வயலின் பெட்டி அன்று அலமாரியின் மேல் ஏறியதுதான், நாங்கள் வீடு மாறியபோதுதான் கீழே இறங்கியது.

பட்டியலில் ஒரு பாடம் இருப்பதற்கும், அது உங்கள் பிள்ளைக்குக் கிடைப்பதற்கும் இடையே பல தடைகள் உண்டு. போதிய பேர் பதிவு செய்யாவிட்டால் வகுப்பு நடக்காது. நடந்தாலும் ஒரே பிரிவாக இருந்தால் வேறொன்றோடு மோதும். சில பள்ளிகளில் மேல்நிலைப் பாடங்களுக்கு முந்தைய ஆண்டின் மதிப்பெண்ணோ ஆசிரியரின் பரிந்துரையோ வேண்டும், வேறு சிலவற்றில் விரும்பிய எவரும் சேரலாம். ஆகவே பாடப் பட்டியலை மட்டும் இறக்கிப் படித்துவிட்டுத் திருப்தி அடையாமல், பள்ளியின் மொத்தக் கால அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். எந்தப் பாடம், எத்தனை பிரிவுகள், எந்தப் பாடவேளை என்பது அதில் இருக்கும். சில பள்ளிகள் அதை இணையத்திலேயே வைத்திருக்கின்றன, மற்றவை கேட்டால் தருகின்றன. உங்கள் பிள்ளை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை எடுக்கக்கூடிய பாடங்களை ஒரு தாளில் நான்கு வரிசையாக எழுதி, அந்த அட்டவணையில் ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்க்க ஒரு மாலை நேரம் போதும். எந்தத் தரப்பட்டியலும் சொல்லாத செய்தியை அந்த மாலை சொல்லிவிடும்.

ஒன்பதாம் வகுப்பில் எந்தக் கணிதத்தில் அமர்த்துவார்கள் என்பதைத் தனியாகக் கேளுங்கள். 2015-இல் இயற்றப்பட்ட கணித வகுப்பமர்வுச் சட்டப்படி, மாவட்டங்கள் ஒரே ஒரு தேர்வையோ ஒருவரின் கருத்தையோ நம்பாமல் பல அளவுகோல்களைக் கொண்டு முடிவு செய்ய வேண்டும். பள்ளி தொடங்கிய முதல் மாதத்துக்குள் ஒருமுறை மறுபார்வை செய்ய வேண்டும். முடிவில் உடன்பாடு இல்லாத பெற்றோருக்கு முறையீட்டு வழியும் இருக்க வேண்டும். கொள்கை மாவட்டத்துக்குப் பொது என்றாலும், அதை நடைமுறைப்படுத்துவதில் பள்ளிக்குப் பள்ளி வேறுபாடு உண்டு.

ஒரு பாடம் பள்ளியில் இல்லை என்பதாலேயே அந்தப் பள்ளியைத் தள்ளிவிடவும் வேண்டாம். அருகில் இருக்கும் சமுதாயக் கல்லூரியில், எடுத்துக்காட்டாகக் கூப்பர்ட்டினோவில் உள்ள டி ஆன்சா கல்லூரியில், பள்ளி மாணவர்கள் கவுன்சிலரின் ஒப்புதலோடு கல்லூரிப் பாடங்களை எடுக்கலாம். தமிழ்ப் பள்ளிகளில் படித்த மொழிப்பாடத்தை வேற்றுமொழிப் பாடமாக ஏற்கும் மாவட்டங்களும் உண்டு. 2012 முதல் மாநிலம் வழங்கிவரும் இருமொழித் திறன் முத்திரையைத் தமிழில் தகுதி காட்டியும் பெறலாம். இவை மாவட்டத்தின் எல்லாப் பள்ளிகளுக்கும் பொதுவானவைதான், ஆனால் முன்கூட்டியே படிவம் கொடுத்து வழிகாட்டும் கவுன்சிலர் எந்தப் பள்ளியில் இருக்கிறார் என்பது முக்கியம்.

கல்லூரிச் சேர்க்கைக் கணக்கு

கலிபோர்னியா பல்கலைக்கழகம் ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளியிலிருந்தும் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது, அவர்களின் சராசரி ஜி.பி.ஏ. (பாடங்களில் வாங்கிய தரங்களின் சராசரிப் புள்ளி) என்ன என்பதை வளாகவாரியாகத் தன் தகவல் மையத்தில் வெளியிடுகிறது. பெற்றோர் கூட்டங்களில் சொல்லப்படும் கதைகளைவிட இது நம்பத் தகுந்தது. ஒரே மாணவர் பல வளாகங்களுக்கு விண்ணப்பிப்பதால் வளாகங்களின் எண்களைக் கூட்டிப் பார்க்கக் கூடாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். சேர்க்கையின்போது விண்ணப்பதாரரை அவருடைய பள்ளியில் கிடைத்த வாய்ப்புகளின் பின்னணியில் வைத்துத்தான் படிக்கிறார்கள். எஸ்.ஏ.டி. என்ற கல்லூரி நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணைச் சேர்க்கைக்கு அவர்கள் பார்ப்பதே இல்லை. அதோடு, பள்ளியின் முன்னணி மாணவர்களுக்கென்று அந்தப் பல்கலைக்கழகம் வைத்திருக்கும் திட்டத்தில் பங்கேற்கும் ஒவ்வொரு பள்ளியிலும் ஜி.பி.ஏ.-யில் முதல் 9 சதவீதத்துக்குள் வரும் மாணவர்கள் மற்ற தகுதிகளையும் நிறைவு செய்தால், கேட்ட வளாகங்களில் கிடைக்காவிட்டாலும் இடம் இருக்கும் வேறொரு வளாகத்தில் சேர்க்கை உறுதி செய்யப்படுகிறது. கடும் போட்டி நிலவும் பள்ளியில் நடுவில் நிற்கும் பிள்ளை, அதே மாவட்டத்தின் வேறு பள்ளியில் முதல் வரிசையில் நிற்கக்கூடும். இதை ஒரு சூதாட்டமாகக் கருதிப் பிள்ளையை இடம் மாற்றச் சொல்லவில்லை. ‘பெரிய பெயருள்ள பள்ளியில் படித்தால்தான் நல்ல கல்லூரி கிடைக்கும்’ என்ற அச்சத்தைக் கைவிட இது போதுமான காரணம் என்றுதான் சொல்கிறேன்.

பள்ளி தன்னைப் பற்றி எழுதிய ஆவணங்கள்

ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி 1-க்குள் ஒவ்வொரு பள்ளியும் ‘எஸ்.ஏ.ஆர்.சி.’ எனப்படும் பொறுப்பறிக்கையை வெளியிட வேண்டும். வகுப்பில் எத்தனை பேர், ஆசிரியர்களுக்கு அந்தப் பாடத்துக்கான முழுத் தகுதிச் சான்று உண்டா, ஒரு கவுன்சிலருக்கு எத்தனை மாணவர்கள் என்பவை அதில் இருக்கும். அதைவிட எனக்குப் பயன்பட்டது, ‘வாஸ்க்’ என்ற அங்கீகார அமைப்புக்காகப் பள்ளியே எழுதும் தன்மதிப்பீட்டு அறிக்கை. நூறு பக்கங்களுக்கு மேல் இருப்பதால் யாரும் படிப்பதில்லை. அதன் கடைசிப் பகுதியில், தம் பள்ளி எங்கே பின்தங்கியிருக்கிறது என்பதை ஆசிரியர்களே எழுதியிருப்பார்கள். குறையை வெளிப்படையாக எழுதிய பள்ளியின் மீது என் நம்பிக்கை கூடியது.

ஒன்பது, பதினோராம் வகுப்பு மாணவர்களிடம் எடுக்கப்படும் ‘கலிபோர்னியா ஹெல்தி கிட்ஸ்’ கணக்கெடுப்பையும் கேளுங்கள். பள்ளியில் உன்மேல் அக்கறை கொண்ட பெரியவர் ஒருவராவது இருக்கிறாரா, நீண்ட நாள் சோகம் உண்டா என்பன போன்ற கேள்விகளுக்குப் பிள்ளைகளே பதில் சொல்லியிருப்பார்கள். நம் குடும்பங்களில் மதிப்பெண்ணைப் பற்றி விடியவிடியப் பேசுகிறோம், இதைப் பற்றிப் பேசுவதில்லை. என் அனுபவத்தில் நான்கு ஆண்டுகளை நல்லபடியாகக் கடக்க வைத்தது, பிள்ளையின் பெயரைத் தெரிந்து வைத்திருந்த ஓர் ஆசிரியர்தான்.

நேரில் போகும்போது

பெற்றோருக்கான அறிமுக மாலையில் எல்லாப் பள்ளிகளும் அழகாகவே தெரியும். முடிந்தால் வகுப்பு நடக்கும் நாளில் அனுமதி பெற்றுப் போய், மதிய இடைவேளையின்போது ஒரு ஓரமாக நின்று பாருங்கள். மகனுக்காக நான் போன ஒரு பள்ளியில், உணவு மணி அடித்ததும் கணித அறைகளின் கதவுகள் திறந்தே இருந்தன. ஓர் அறையில் ஆசிரியர் தன் சாப்பாட்டு டப்பாவை மேசையில் வைத்துக்கொண்டு, இரண்டு பையன்களுக்கு வெள்ளைப் பலகையில் பின்னக் கணக்கு ஒன்றை விளக்கிக்கொண்டிருந்தார். வெளியே புல்வெளியில் தனியாக உட்கார்ந்திருந்த பிள்ளைகளை எண்ணினேன், மிகச் சிலரே இருந்தார்கள். செயலியில் அந்தப் பள்ளியின் எண் 7. அதைத்தான் தேர்ந்தெடுத்தோம், அதற்காக ஒருநாளும் வருந்தவில்லை.

கவுன்சிலரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் குறைவு. அறிவியலிலோ கணிதத்திலோ ‘டி’ வாங்கும் பிள்ளைக்கு அடுத்த வாரம் என்ன நடக்கும்? சென்ற ஆண்டு கணினி அறிவியலுக்குப் பதிவு செய்து இடம் கிடைக்காதவர்கள் உண்டா? முதல்வர் எத்தனை ஆண்டுகளாக இருக்கிறார்? மூன்றாவது கேள்வியைச் சாதாரணமாக எண்ண வேண்டாம், ஐந்தாண்டுகளில் நான்கு முதல்வர்கள் மாறிய பள்ளியில் எந்தத் திட்டமும் வேரூன்றாது. விளையாட்டில் தீவிரமாக இருக்கும் பிள்ளையானால், வீடு மாறாமல் பள்ளி மட்டும் மாறினால் சிறிது காலம் பள்ளி அணியில் ஆட முடியாமல் போகும் விதி உண்டு என்பதால், பயிற்சியாளரிடமும் பேசிவிடுங்கள்.

பாடத்தேர்வுப் படிவம் பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரி வாக்கில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கைக்கு வந்துவிடும். அதற்கு முன்பாக, ஒரு வேலைநாள் மாலை பள்ளி விடும் நேரத்துக்குப் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு ஒவ்வொரு பள்ளி வாசலுக்கும் போய் வாருங்கள். பள்ளியிலிருந்து வீடு வரை அவன் அன்றாடம் வரப்போகும் வழியில், நடந்தோ மிதிவண்டியிலோ, அவனோடு சேர்ந்தே திரும்பி வந்து, எந்தப் பள்ளி பிடித்தது என்று அவனையே கேளுங்கள்.